அளக்காமல் மாற்றாதீர்கள்

மின்சார காரின் பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருக்கும். ஆனாலும் காலையில் சாவியை அழுத்தினால் கதவுகூடத் திறக்காது. சார்ஜரைச் செருகினாலும் ஒரு விளக்கும் எரியாது. இப்படி நின்றுபோன வண்டிகளைப் பற்றி என் காதுக்கு வரும் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன: “12 வோல்ட் பேட்டரி போயிடுச்சாம், புதுசு போட்டுட்டாங்க.” பேட்டரி போனது சரி. ஏன் போனது என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகவே இந்த வாரப் பத்தி.

வண்டியின் அடித்தளத்தில் இருக்கும் பெரிய பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது. வண்டி நிற்கும்போது பாதுகாப்புக்காக அது மற்ற பாகங்களிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். அதை இணைப்பதும் துண்டிப்பதும் கான்டாக்டர் என்ற பெரிய ரிலேக்களின் வேலை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ‘டக்’ என்று கேட்கிறதே, அது கான்டாக்டர் சேரும் சத்தம். அதை இழுத்துச் சேர்ப்பது 12 வோல்ட் மின்சாரம். கதவுப் பூட்டு, டிஸ்ப்ளே, வண்டியின் கம்ப்யூட்டர்கள், சார்ஜருடன் பேசும் மாட்யூல் எல்லாம் ஓடுவதும் அதே 12 வோல்ட்டில்தான். அதைத் தரும் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியை இணைக்க வழியில்லை. சார்ஜரைச் செருகியும் பயனில்லாமல் போவது அதனால்தான்.

பெட்ரோல் வண்டியில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே டிசி-டிசி கன்வர்ட்டர் செய்கிறது. பெரிய பேட்டரியின் உயர் வோல்ட்டேஜைச் சுமார் 14 வோல்ட்டுக்கு இறக்கி, சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. இன்னொரு முக்கியமான வித்தியாசம்: பெட்ரோல் வண்டியில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். சாகப்போகும் பேட்டரி நமக்குச் சில வாரங்கள் முன்பே சொல்லிவிடும். மின்சார காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. சின்ன பேட்டரியிடமிருந்து வண்டி கேட்பது சில ஆம்பியர்தான். எனவே நேற்று வரை எந்தக் குறையும் தெரியாது. ஒருநாள் வோல்ட்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போகும். வண்டி அப்படியே நின்றுவிடும்.

சின்ன பேட்டரி இறங்குவதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பேட்டரிக்கே வயதாகியிருக்கலாம். அதற்கு வர வேண்டிய சார்ஜ் வராமல் இருக்கலாம். வந்த சார்ஜை வேறேதோ தின்றுகொண்டிருக்கலாம். மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒரு சாதாரண மல்டிமீட்டரே பெருமளவு போதும்.

வண்டியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால், நல்ல நிலையில் உள்ள ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து, மீட்டரை எடுக்காமல் பாருங்கள். எண் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் ஏறி நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. சில வண்டிகள் பேட்டரி நிறைந்ததும் 13 வோல்ட் வரை தாமாகவே குறைத்துக்கொள்ளும்; அதைக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் போட்டுவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். எண் ஏறவே ஏறாமல், 12.4, 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் பேட்டரிக்குச் சார்ஜ் வரவில்லை. அங்கே புது பேட்டரி போடுவது காசைக் கரியாக்குவது. அதுவும் சில நாளில் இறங்கிவிடும். லித்தியம் வகைச் சின்ன பேட்டரி உள்ள வண்டிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது; அதற்கு அந்த வண்டியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவருடைய வண்டியில், பேட்டரிக்குச் சார்ஜ் வந்து சேராத இந்த நிலையைக் கண்ணால் பார்த்தேன். ஓராண்டுக்குள் இரண்டாவது பேட்டரியும் படுத்துவிட்டிருந்தது. அவர் அழைத்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் உடனே பேட்டரியைக் கழற்றப் போகவில்லை. வண்டியை ரெடியில் போடச் சொல்லி, ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் இன்னொரு முனையைப் பாடியின் வெறும் இரும்பிலும் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்த இடங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அது 0.8 வோல்ட் காட்டியது. “சார், சார்ஜ் வருதுங்க. வர்ற வழியில போயிடுது” என்றார். எர்த் கேபிள் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றினார். வாஷருக்கு அடியில் உப்புக் காற்றுப் பட்டுத் துரு பிடித்து, வெள்ளையும் பழுப்புமாகப் பொடி அப்பியிருந்தது. எமரித் தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கினார். மீட்டர் 0.02-க்கு இறங்கியது. மாற்றிய பேட்டரிகள் இரண்டுமே குற்றமற்றவை. அவை அரைப் பட்டினியில் கிடந்திருக்கின்றன.

மூன்றாவது காரணமான மின்கசிவைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். வண்டியைப் பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்து, கம்ப்யூட்டர்கள் உறங்கும்வரை அரைமணி நேரமாவது காத்திருந்து, நெகட்டிவ் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்ட வேண்டும். சில பத்து மில்லி ஆம்பியர் ஓடினால் இயல்பு. அரை ஆம்பியர் ஓடினால், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் போகிறது என்று அர்த்தம்; 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கு நாள்கூடத் தாங்காது. வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் டேஷ்கேம், பழுதறியும் ஓபிடி சாக்கெட்டில் செருகியே விட்ட டாங்கிள், வெளியில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். போனில் ஆப்பைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று அடிக்கடி பார்ப்பதும் பல வண்டிகளின் உறக்கத்தைக் கலைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் சொன்ன அளவீடுகள் எல்லாம் 12 வோல்ட் பக்கத்தோடு நிற்பவை. ஆரஞ்சு நிற கேபிளையோ, அது போய்ச் சேரும் பெட்டியையோ யாரும் தொடக் கூடாது. அது உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ். கன்வர்ட்டரே பழுது என்று தெரிந்தால் பயிற்சி பெற்றவரிடம்தான் போக வேண்டும்.

கன்வர்ட்டர் பழுதாவது அபூர்வம் என்று ஒதுக்கவும் முடியாது. ஹூண்டாய், கியாவின் பல மின்சார கார்களில் டிசி-டிசி கன்வர்ட்டரையும் வண்டிக்குள்ளிருக்கும் சார்ஜரையும் சேர்த்து ஐசிசியு என்ற ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள டிரான்சிஸ்டர் சேதமானால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் நின்றுவிடும். எச்சரிக்கை வரும், வேகம் படிப்படியாகக் குறையும், கடைசியில் ஓடும் வண்டி நிற்கும். ‘டப்’ என்று வெடித்தது போலச் சத்தம் கேட்டதாகப் பலர் புகார் செய்த பிறகு, 2023-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அங்கே சுமார் 1,47,000 கார்களும், அதே ஆண்டு நவம்பரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் 2024 ஜூனில் ஹூண்டாயின் 1,744 அயோனிக் 5 கார்கள் அழைக்கப்பட்டன. அந்த வண்டிகளில் ஒன்றுக்குக் காரணம் தேடாமல் வெறுமனே பேட்டரியை மாற்றி அனுப்பியிருந்தால், அது அடுத்து நின்றிருக்கக்கூடிய இடம் நெடுஞ்சாலையின் நடுவாக இருந்திருக்கும்.

வோல்ட்டேஜ் குறைவால் வரும் ஆபத்து சாலையோடு முடிவதில்லை. 2025 செப்டம்பரில் அதே அமெரிக்க அமைப்பு, 2021-ஆம் ஆண்டு மாடலான சுமார் 1,74,000 டெஸ்லா மாடல் ஒய் கார்கள் குறித்து விசாரணை தொடங்கியது. கதவின் மின்பூட்டுக்குப் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காமல், வெளிக் கைப்பிடி வேலை செய்யவில்லை என்பது புகார். பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு இறங்கிய பெற்றோர் மறுபடி கதவைத் திறக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பிள்ளை இருப்பதை நினைத்துப் பார்த்தால், ‘சின்ன பேட்டரி’ என்று அலட்சியமாகச் சொல்ல மனம் வராது.

வண்டிக்கு இந்த எண்கள் தெரியாமல் இல்லை. 12 வோல்ட் பக்கத்தின் அளவை அதன் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரிய பேட்டரியின் சதவீதத்தை ஒரு சாண் அகலத் திரையில் காட்டுகிறவர்கள், இந்த ஓர் எண்ணை ஓட்டுபவருக்குக் காட்ட மறுப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. வோல்ட்டேஜ் எவ்வளவு, கன்வர்ட்டர் சார்ஜ் தருகிறதா என்ற இரண்டு தகவலையும் எல்லா மின்சார காரும் காட்ட வேண்டும் என்று விதி வர வேண்டும். எண் இறங்கத் தொடங்கும்போதே தெரிந்தால், வண்டியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

விதி வரும்வரை உரிமையாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது. பேட்டரியை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் சொன்னால், சம்மதிக்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஓய்வில் எத்தனை வோல்ட், ரெடியில் எத்தனை வோல்ட், பூட்டிய பின் ஓடும் மின்சாரம் எத்தனை மில்லி ஆம்பியர். மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து பார்த்தவர்களுக்கு எழுதித் தருவதில் சிரமம் இருக்காது. அளக்காதவர்கள் அதற்காகவாவது மீட்டரை எடுத்துத்தான் ஆக வேண்டும்.