ஆறு எழுத்தில் ஒரு புத்தகம்



ஏப்ரல், மே மாதங்களில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி ஊறுகாயும் வடகமுமாக இருக்கும். ஜூன் பிறந்ததும் பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குத் தாவிவிடும். இந்த ஆண்டு ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு கையெழுத்தில் கேட்டிருக்கிறீர்கள்: "பிள்ளைக்கு வீட்டிலேயே ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். ஃபோனிக்ஸ் புத்தகம் எதை வாங்கலாம்?" மகளை எல்.கே.ஜி.க்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் ஈரோட்டு அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். பேரனுக்கு மாலையில் பாடம் சொல்லும் நாகர்கோவில் தாத்தா ஒருவர், "எங்கள் காலத்தில் ஏ, பி, சி, டி போதுமானதாக இருந்தது. இப்போது என்ன புதிதாக?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

நான் பள்ளி ஆசிரியை இல்லை, பத்திரிகை ஆசிரியர் மட்டும்தான். ஆனால் இந்த விஷயத்தில் காசு கொடுத்துக் கற்றவள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புத்தகக் கண்காட்சியில், பேத்திக்காக ஒரு பெட்டி நிறையக் குட்டிப் புத்தகங்கள் வாங்கினேன். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'ஃபோனிக்ஸ்' என்று போட்டிருந்தது. வழவழ தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள், விலையும் அதற்கேற்ப. மூன்றே நாளில் பேத்தி முதல் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள். வீடே பூரித்தது. நாலாம் நாள் ஏதோ சந்தேகத்தில், படத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டு "இப்ப படி" என்றேன். என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "கையை எடு பாட்டி, நாய் தெரியல" என்றாள். எடுத்தேன். "டாக்" என்று வாசித்தாள். அச்சில் இருந்தது 'பப்பி'.

அவள் மேல் தப்பில்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே வாக்கியம், கடைசிச் சொல் மட்டும் மாறும், அது என்னவென்று படம் சொல்லிவிடும். மனப்பாடமும் ஊகமும் போதும், எழுத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் 'முதல் வாசிப்பு'ப் புத்தகங்களில் இந்த ஜாதி ஏராளம். ஆகவே கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய முதல் சோதனை என் உள்ளங்கைச் சோதனைதான். படத்தை மறைத்தால், குழந்தை இதுவரை கற்ற எழுத்துகளை வைத்தே அந்த வரியை வாசித்துவிட முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்பதை நான் இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

இனி நாகர்கோவில் தாத்தாவுக்கு. ஐயா, பூனைக்கான ஆங்கிலச் சொல்லை 'சி, ஏ, டி' என்றுதான் நாமெல்லாம் உரக்கச் சொல்லிப் படித்தோம். அந்த மூன்றையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'சியேடி' என்று ஏதோ ஒரு வங்கியின் பெயர் மாதிரி வருமே தவிரப் பூனை வராது. காரணம், அவை எழுத்துகளின் பெயர்கள். சொல்லுக்குள் அவை எழுப்பும் ஒலி வேறு. பெயரை விட்டு ஒலியைச் சொல்லிக்கொடுத்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கப் பழக்குவதற்குத்தான் ஃபோனிக்ஸ் என்று பெயர். இது உங்களுக்குப் புதிதே இல்லை. 'க்' என்னும் மெய்யும் 'அ' என்னும் உயிரும் சேர்ந்தால் 'க' என்று திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். ஒலியைக் கூட்டும் வித்தை நம் எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதோ 26 எழுத்து. ஒலிகள் ஏறத்தாழ 44. அங்கேதான் சிக்கல்.

கூட்டும்போது நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. தட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லை 'ட, ஆ, ப' என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தை 'டஆப' என்று திகைத்து நிற்கும். 'ட்... ஆ... ப்' என்று சொல்லுங்கள், தானே கூடிவரும். அந்தப் புள்ளியை வாய் மதிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 'இட், இப்' என்று முன்னால் ஒரு இகரத்தையும் ஒட்டிவிடாதீர்கள். 'ஸ்ஸ்ஸ்', 'ம்ம்ம்' போல நீட்டிச் சொல்லக்கூடிய ஒலிகளில் தொடங்கும் சொற்கள் இளம்பிள்ளைக்கு எளிது. மூச்சை விடாமல் அடுத்த ஒலிக்குப் போய்விடலாம்.

தமிழ்க் குழந்தைக்கென்றே இன்னொரு முடிச்சு உண்டு. 'பின்' என்று எழுதுகிறேன். இது குண்டூசியா, குப்பைத்தொட்டியா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. நமக்கு ஒரே 'ப'. ட, க வரிசைகளிலும் இதே கதைதான். ஆகவே இந்த ஜோடி ஒலிகளை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தும் புத்தகத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றது வரட்டும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் குழந்தைகளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிடும்.

எந்த வரிசையில் எழுத்துகள் வர வேண்டும் என்பதில்தான் நல்ல தொகுப்பின் சூட்சுமம் இருக்கிறது. பிரிட்டிஷ் முறைகள் பலவும் ஏ, பி, சி வரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) என்ற ஆறு எழுத்துகளை முதலில் கற்பிக்கின்றன. அவற்றில் ஒன்றான ஜாலி ஃபோனிக்ஸின் முதல் எழுத்துக் குழுவும் இந்த ஆறுதான். இந்த ஆறை வைத்தே சிட், டிப், டின், நிப், ஸ்பின் என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று வரிசையாகப் போனால் ஆறாவது எழுத்திலும் கையில் சொற்ப சொற்களே மிஞ்சும். நம்மவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. அ, ஆவில் தொடங்காமல் ட, ப, ம என்று கோட்டெழுத்துகளில் தொடங்கி படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசிக்கவைக்கும் முறை தமிழில் உண்டே.

சில எழுத்துகளை வைத்தே முழுப் புத்தகம் செய்தவரும் உண்டு. 1976-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பாபி லின் மாஸ்லன் என்ற ஆசிரியை, தன் வகுப்புக் குழந்தைகளுக்காகக் குட்டிப் புத்தகங்களைத் தானே செய்தார். இன்று 'பாப் புக்ஸ்' என்று விற்பவை அவைதான். முதல் புத்தகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டவை நான்கே எழுத்துகள். படங்கள் கோட்டோவியங்கள், கணவர் ஜான் வரைந்தவை. வழவழப்பும் இல்லை, வண்ண ஜாலமும் இல்லை. ஆனால் மூன்று ஒலிகளைக் கூட்டத் தெரிந்த நாலரை வயதுக் குழந்தை ஒரு முழுப் புத்தகத்தைத் தானே முடித்துவிட்டு மூடிவைக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும்.

"இப்படிக் கொஞ்ச எழுத்தில் எழுதினால் கதை என்று ஒன்று இருக்குமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். பல புத்தகங்களில் இருப்பதில்லை. ஆனால் கட்டுப்பாடு கதையைக் கொல்லும் என்று சட்டமில்லை. குழந்தை எழுத்தாளர் டாக்டர் ஸூஸின், 1957-இல் வந்த தொப்பிப் பூனைக் கதையில் இருக்கும் வெவ்வேறு சொற்கள் மொத்தம் 236. 1960-இல் வந்த அவருடைய பச்சை முட்டைக் கதையில் வெறும் 50. அவை ஃபோனிக்ஸ் பாடநூல்கள் அல்ல, இருந்தாலும் சொற்சிக்கனத்தில் எவ்வளவு குறும்பு செய்யலாம் என்பதற்குச் சாட்சி.

இந்த ஒலிவழி முறையைப் பற்றி ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்த சண்டை சின்னதில்லை. 1955-இல் ருடால்ஃப் ஃப்ளெஷ், ஜானி என்ற பையனுக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் முறையான ஒலிவழிப் பாடத்துக்கு ஆதரவாக அறிக்கை தந்தது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது, பக்கத்தில் விநோதப் பிராணி ஒன்றின் படம் மட்டும் இருக்கும். மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும், ஒலி கூட்டத் தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும். என் பேத்தியோடு இதை விளையாடிப் பார்த்தேன். 'நிப்பு' மாதிரி, 'டிஸ்' மாதிரி நாங்கள் படைத்த பிராணிகள் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன.

சரி, இனி நான் மிகவும் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. அந்தக் குழந்தை ஒலிகளைக் கூட்டி 'விக்' என்று சொன்னதும், "ஓ, பாட்டியின் பொய்முடி" என்று புரிந்துகொள்ளும். 'ஹாம்' என்றதும் காலைத் தட்டில் இருந்த பன்றி இறைச்சி நினைவுக்கு வரும். நம் குழந்தைக்கு? ஒலி கூடிவிடும், சொல் வராது. சரியாக வாசித்துவிட்டு, "அப்படின்னா என்னம்மா?" என்று வரிக்கு வரி நிற்கும். வெற்றி பெற்ற குழந்தையின் முகத்தில் குழப்பத்தைப் பார்ப்பது போல வேதனை வேறில்லை.

ஆகவே உள்ளங்கைச் சோதனைக்கு அடுத்து நாக்குச் சோதனை. புத்தகத்தில் வரும் சொற்களில் எத்தனை ஏற்கெனவே நம் வீட்டில் புழங்குபவை? யோசித்துப் பாருங்கள். பஸ், கப், மக், ஜக், டப், பென், பெட், நெட், டின், பின், ஜிப், லிஃப்ட். எழுத்துப் படிக்காத ஆயாவும் சொல்லும் சொற்கள் இவை. அத்தனையும் ஒலிக்கு ஒலி கூட்டி வாசிக்கக்கூடியவை. இவற்றில் சில வரும் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், 'ப்... அ... ஸ்' என்று முணுமுணுத்த குழந்தை சட்டென்று நிமிர்ந்து "பஸ்!" என்று கத்தும். அச்சுக்கும் அர்த்தத்துக்கும் முடிச்சு விழும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும். நரியும் பன்றியும் வரும் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இரண்டாம் மாதத்தில் வரட்டும், ஒவ்வொன்றையும் முன்கூட்டியே படத்தோடு பேசிவிட்டு.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'தி', 'வாஸ்' போல ஒலிக்கு அடங்காத சொற்கள் புத்தகத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மூன்றெழுத்துச் சொற்கள் தண்ணீர்பட்ட பாடான பிறகு, எஸ்-எச், சி-எச் போன்ற இரட்டை எழுத்துகள் வரும் புத்தகங்களுக்குப் போகலாம். டாப் என்பதன் வாலில் ஈ என்னும் எழுத்து ஒட்டினால் டேப் ஆவதும், கிட் கைட் ஆவதும் அதற்கும் பிறகு. புத்தகம் மெல்லியதாக இருக்கட்டும். எழுத்து பெரிதாக, சொற்களுக்கு நடுவே தாராளமாக இடம்விட்டு அச்சடித்திருக்கட்டும். ஒரு தொகுப்பு முழுவதையும் மொத்தமாக வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். முதல் இரண்டை வாங்கிப் பாருங்கள், அக்கம்பக்கத்துத் தாய்மாரோடு மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். அழுகை வந்தால் மூடிவிட வேண்டியதுதான்.

இந்தக் குட்டிப் புத்தகங்கள் குழந்தை நமக்கு வாசித்துக் காட்டுவதற்கு. நாம் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதற்கு வேறு அடுக்கு வேண்டும். அதில் எழுத்துக் கணக்கு பார்க்கக் கூடாது, கதைதான் முக்கியம், தமிழ்தான் முக்கியம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களே எனக்குப் பிடிக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன, விரும்பினால் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம். இரவில் மடியில் போட்டுக்கொண்டு வாசிக்கும் அந்தக் கதைகளைக் கேட்டு வளராத பிள்ளைக்கு, ஒலி கூட்டத் தெரிந்தும் வாசிக்கத் தோன்றாது என்பது என் கட்சி.

ஈரோட்டு அம்மாவுக்கு: எந்தத் தொகுப்பு என்று பெயர் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் மகளுக்கு எந்த எழுத்துகள் தெரியும், எந்தச் சொற்கள் வாயில் இருக்கின்றன என்று உங்களைவிட எந்தப் பதிப்பகத்துக்குத் தெரியும்? அதனால்தான் இந்த இதழின் நடுப்பக்கத்தில் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். நான்கு பக்கங்களில் பஸ், கப், பென், டின். மீதி நான்கு பக்கங்கள் காலி. உங்கள் வீட்டில் புழங்கும் நான்கு சொற்களை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதுங்கள், வாசித்து முடித்த பிறகு படத்தைக் குழந்தை வரையட்டும். நீங்கள் எழுதிய சொற்களை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த மாதப் புத்தகத்தை அவற்றிலிருந்தே செய்கிறோம்.

குட்டிப் புத்தகத்தை மடித்தபின் ஸ்டேப்ளர் அடிக்காமல் நூலால் தையுங்கள், கம்பி பிஞ்சு விரலில் குத்தும்.

அன்புடன்,
ஆசிரியர்