ஓரம் சீவாத பலகை

டீப்பாய் என்றதும் நான்கு பக்கமும் நேராக அறுத்த பலகையே நம் நினைவுக்கு வருகிறது. மரம் வளர்ந்தபடியே வளைந்து நெளிந்த ஓரத்தை அப்படியே விட்டுவைத்தால், தச்சருக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது என்பது என் துணிபு.

நேர் ஓரம் கேட்பவர் பக்கமும் நியாயம் உண்டு. பட்டைக்கடியில் பூச்சி குடியேறும். வைரத்தைச் சுற்றியுள்ள வெண்பகுதி எளிதில் அரிக்கும். ஆகவே தச்சர் அதை வெட்டித் தள்ளுகிறார். ஓரத்தைக் காக்க விரும்புபவரோ பட்டையை உரித்து, மருந்திட்டு, பலகையை நிழலில் காற்றோட்டமாக அடுக்கிக் காத்திருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. உலர்ந்த பின்னும் மரம் அடங்குவதில்லை. மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். கால்களை அசையாமல் முடுக்கிவிட்டால் பலகை பிளக்கும். திருகுத் துளையைச் சற்று நீளமாக விட வேண்டும். இதுவா வேலை தெரியாதவர் செய்கை?

இவ்வகை மேசைகளால் புகழ்பெற்றவர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990). ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். கட்டடக்கலை பயின்று, 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதிப் பணியில் இருந்தவர். 1942-இல், உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காகவே அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்துடன் மினிடோகா முகாமில் அடைத்தது. அங்கே உடனிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் தொழில்நுட்பங்களைக் கற்றார். பிற்காலத்தில் வெடிப்புள்ள பலகையையும் அவர் ஒதுக்கவில்லை. வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டைப் பதித்து, அது மேலும் பிளக்காமல் நிறுத்தினார். வெடிப்பு மறையவில்லை, பலகை நிலைத்தது.

இன்றோ வெடிப்பில் வண்ணப் பிசினை ஊற்றி நிரப்பும் பாணி பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்ப்பவர் கண் பிசினில் நின்றுவிடுகிறது, மரத்துக்குப் போவதில்லை.

நண்பர்களே! நம் வளாகத்தில் புயலுக்கு ஒரு வேம்போ தூங்குமூஞ்சியோ சாய்ந்தால், முழுவதையும் விறகு விலைக்கு விட்டுவிட வேண்டாம். மூன்றங்குலக் கனத்தில் ஒரே ஒரு பலகை அறுத்து வைப்போம். அது உலர மூன்றாண்டு ஆகும். இளங்கலைப் படிப்புக்கும் அதே காலம்தான். முதலாண்டில் அடுக்கியவர்களே இறுதியாண்டில் இழைத்து, நூலகத்தில் டீப்பாயாகப் போட்டுவிட்டுப் போகலாம்.