பிறப்பிடம் மறைக்கும் படுக்கை விரிப்பு

ஐரோப்பாவில் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் படுக்கை விரிப்புகளைக் கொள்வனவு செய்வோரிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றி வருகின்றது. ஆசியாவிலிருந்து வரும் விரிப்புகளை விடுத்து, போர்த்துக்கல், இத்தாலி, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் உற்பத்தியாளரிடமே அவற்றைப் பெறவேண்டும் என்பது அக்கருத்து. அங்கு தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாயக்கழிவு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கப்பற் பயணம் குறைவு. தரமும் உயர்வு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் முழுப்பொய்யன்று. வட போர்த்துக்கலில் ஆவே ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, குய்மராய்ஸ் நகரைச் சூழ்ந்துள்ள ஆலைகளின் நெசவுத் திறனை மறுப்போர் இலர். ஆயினும் அக்கருத்தின் அடியில் ஓர் ஊகம் மறைந்து கிடக்கின்றது. ஐரோப்பாவில் தைக்கப்பட்டது ஐரோப்பாவில் உருவானது என்பதே அவ்வூகம். விவாதம் இங்கிருந்தே தொடங்கவேண்டும்.

பருத்தி விரிப்பொன்று கட்டிலை வந்தடையுமுன் பஞ்சு பயிரிடப்படுகின்றது, கொட்டை நீக்கப்படுகின்றது, நூற்கப்படுகின்றது, நெய்யப்படுகின்றது, வெளிற்றப்படுகின்றது, சாயமிடப்படுகின்றது, ஈற்றில் வெட்டித் தைக்கப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறிப்பிடத்தக்க அளவிற் பருத்தி விளையும் நாடுகள் கிரேக்கமும் ஸ்பெயினுமே. அவற்றுள் பெரும்பங்கினை விளைவிக்கும் கிரேக்கம் தன் பஞ்சின் பெரும்பகுதியைத் துருக்கி முதலிய வெளிநாட்டு நூற்பாலைகளுக்கு விற்றுவிடுகின்றது. போர்த்துக்கலின் நெசவாலைகளோ இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் நூலைத் தருவிக்கின்றன. ஐரோப்பியப் பஞ்சு வெளியே போகின்றது, ஆசிய நூல் உள்ளே வருகின்றது. இடையில் நிகழும் ஒரு கட்ட வேலைக்கே ‘ஐரோப்பிய உற்பத்தி’ என்ற முழுப்பெயரும் சூட்டப்படுகின்றது.

ஆளி நாரிலிருந்து நெய்யப்படும் லினன் விரிப்பு இதற்கு விலக்கு என்பர் சிலர். நோர்மண்டியிலிருந்து பெல்ஜியம் வழியாக நெதர்லாந்து வரை நீளும் கடலோரப் பட்டையே உலகின் லினன் நாரிற் பெரும்பகுதியை விளைவிக்கின்றது என்பது உண்மையே. ஆனால் அந்நாரின் பெரும்பகுதி சீனத்துக்குச் சென்று அங்குள்ள ஆலைகளிலே நூலாகின்றது. ஐரோப்பாவிலிருந்த லினன் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பிரான்சிலே ஓரிரண்டு மீண்டும் திறக்கப்பட்டது 2020ஆம் ஆண்டுக்குப் பின்னரே. பிரெஞ்சு வயலின் படத்தைப் பொதியில் அச்சிட்டு விற்பவர், அந்நார் பூகோளத்தின் மறுபுறம் சென்று மீண்ட கதையை அச்சிடுவதில்லை.

இம்மறைப்புக்குச் சட்டமும் துணைநிற்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுப் புடைவைப் பெயர்ச்சீட்டு ஒழுங்குவிதி, துணியில் எந்நார் எத்தனை வீதம் என்பதைக் கூறுமாறு கட்டாயப்படுத்துகின்றது; அது எந்நாட்டில் உருவானது என்பதைக் கூறுமாறு கட்டாயப்படுத்தவில்லை. குறிப்பிட்ட சில இறக்குமதிப் பொருள்களுக்குப் பிறப்பிடச் சீட்டைக் கட்டாயமாக்குவதற்கு 2005இல் முன்வைக்கப்பட்ட யோசனையும் பின்னர் மீளப்பெறப்பட்டது. உறுப்பு நாடுகள் தம்முள் உடன்படாமையே காரணம். தெற்கே தைப்போர் சீட்டினை விரும்பினர். வடக்கே இறக்குமதி செய்து விற்போர் அதனை வெறுத்தனர்.

பிறப்பிடம் என்பது ஐரோப்பாவுக்கு எத்துணை நெகிழ்வான கருத்து என்பதை 1997ஆம் ஆண்டு நன்கு காட்டியது. துணி எந்நாட்டில் நெய்யப்பட்டதோ அந்நாடே பல புடைவைப் பொருள்களின் பிறப்பிடம் என ஐக்கிய அமெரிக்கா 1996இல் தன் விதியை மாற்றியது. சீனத்துப் பட்டை வாங்கி இத்தாலியில் சாயமிட்டு அச்சிட்டு விற்ற கழுத்துச் சால்வைகள் அமெரிக்கச் சந்தையில் சீனப் பொருளாயின. ஐரோப்பா கொதித்தெழுந்து உலக வர்த்தக நிறுவனத்திடம் முறையிட்டது. நெசவு முக்கியமன்று, நிறமும் முடிப்புமே ஒரு துணிக்கு உயிர் கொடுப்பவை என்பது அதன் வாதம். அதன் சொந்த விதிகளும் அவ்வாறே அமைந்துள்ளன. வெளிற்றப்படாத கோராத் துணியை இறக்குமதி செய்து, சாயமிட்டோ அச்சிட்டோ உரிய முடிப்பு வேலைகளைச் செய்தால் அத்துணி ஐரோப்பியத் துணியாகும். கராச்சியில் நெய்தவரின் உழைப்பு அந்தச் சாயத் தொட்டியிற் கரைந்துபோகின்றது.

அதே ஆண்டுகளில் நிகழ்ந்த இரு வழக்குகளை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் வேண்டும். ஐரோப்பியப் பருத்தி ஆலையாளரின் சங்கமான யூரோகொட்டன், இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, சீனம், இந்தோனேசியா, துருக்கி ஆகிய நாடுகளின் கோராத் துணிமீது குவிப்புத் தடுப்புத் தீர்வை விதிக்குமாறு கோரியது. தற்காலிகத் தீர்வை இருமுறை விதிக்கப்பட்டது. ஆனால் 1997 மே மாதத்திலும், மீண்டும் 1998 ஒக்டோபரிலும், அமைச்சர் அவையில் நிரந்தரத் தீர்வைக்குப் போதிய பெரும்பான்மை கிட்டவில்லை. பிரித்தானியா முதலிய நாடுகளிற் சாயமிடுவோரும் அச்சிடுவோரும் அதனை எதிர்த்தனர். மலிவான கோராத் துணி வராவிடின் அவர்தம் தொழில் நின்றுவிடும்.

படுக்கை விரிப்புக்கோ வேறு நியதி. அதே சங்கத்தின் முறைப்பாட்டின்மீது இந்தியா, பாகிஸ்தான், எகிப்து ஆகியவற்றின் பருத்தி விரிப்புகளுக்கு எதிராக 1996இல் விசாரணை தொடங்கியது. 1997 நவம்பரில் நிரந்தரத் தீர்வை விதிக்கப்பட்டது. இந்திய ஏற்றுமதியாளர் சிலர்மீது அது 24.7 வீதம் வரை உயர்ந்தது. முடிவுறாத துணி உள்ளே வரலாம். அதனையே முடித்து, மடித்து, தலையணை உறையோடு சேர்த்து அனுப்பினால் அது குற்றம்! மூலப்பொருளை அனுப்புக, முடித்த பொருளை அனுப்பாதே என்ற பழைய குடியேற்றக் கட்டளை சுங்க அட்டவணையின் மொழியிலே மறுபிறப்பெடுத்தது.

அத்தீர்வையைக் கணித்த முறை தனியே நோக்கற்பாலது. மூவகை விரிப்புகளை ஒருவர் ஏற்றுமதி செய்கிறார் என்று கொள்வோம். மூன்றுக்கும் உள்நாட்டுப் பெறுமதி 100. ஏற்றுமதி அளவும் சமம். முதல் வகையை 90க்கும், இரண்டாவதை 110க்கும், மூன்றாவதை 100க்கும் அவர் விற்கிறார். ஒன்றில் 10 குறைவு, மற்றதில் 10 கூடுதல். மொத்தத்தில் குவிப்பு எதுவுமில்லை. ஐரோப்பிய ஆணைக்குழுவோ முதல் வகையின் 10ஐ எழுதிக்கொண்டு, இரண்டாம் வகையின் கூடுதலைப் பூச்சியம் என எழுதியது. அவ்வாறு கணித்தால் 300க்கு 10, அதாவது 3.3 வீதக் குவிப்பு காகிதத்திலே பிறந்துவிடுகின்றது. ‘பூச்சியமாக்கல்’ என்பது அம்முறையின் பெயர். இதனோடு நின்றிருப்பினும் போதும். நியாயமான இலாபம் எவ்வளவு என்று தீர்மானிப்பதற்கு ஆராயப்பட்ட இந்தியக் கம்பனிகளுள், உள்நாட்டிலும் போதியளவு விற்ற ஒரேயொரு கம்பனியின் 18.65 வீத இலாபத்தை எடுத்து ஏனையோர் தலையிலும் அது ஏற்றியது. உள்நாட்டில் பேர்பெற்ற முத்திரையோடு விற்பவரின் இலாபத்தை, முத்திரையின்றி ஏற்றுமதிக்கென்றே நெய்பவரின் இலாபமாகக் கொள்வது எக்கணக்கியலுக்கும் அடுக்காது.

இந்தியா 1998இல் இவ்வழக்கை ஜெனீவாவுக்குக் கொண்டு சென்றது. பூச்சியமாக்கல் ஒப்பந்தத்துக்கு முரணானது என விசாரணைக் குழு 2000இலும் மேன்முறையீட்டுக் குழு 2001 மார்ச்சிலும் தீர்ப்பளித்தன. ஒரு கம்பனியின் இலாபம் பலருக்குச் சராசரியாகாது என்பதனையும் மேன்முறையீட்டுக் குழு ஏற்றது. வளர்முக நாடுகள்மீது தீர்வை விதிக்குமுன் ஆக்கபூர்வமான மாற்றுவழிகளை ஆராயவேண்டுமென்ற கடப்பாட்டை ஐரோப்பா புறக்கணித்ததாகவும் விசாரணைக் குழு கண்டது. 2001 ஓகஸ்டில் இந்திய விரிப்புமீதான தீர்வை இடைநிறுத்தப்பட்டது. பாகிஸ்தானின் கணக்கிற் பூச்சியமாக்கலை நீக்கியதும் குவிப்பே இல்லையெனத் தெரிந்து அந்நடவடிக்கை கைவிடப்பட்டது. இல்லாத குற்றத்துக்காக நான்காண்டுகள் கட்டிய தீர்வை! தீர்ப்பு எதிர்காலத்துக்கே பொருந்தும் என்பது நிறுவனத்தின் நியதி; இடைக்காலத்தில் கட்டளைகளை இழந்த தறிக்கு நட்டஈடு கோரும் இடம் அங்கில்லை. பாகிஸ்தானிய விரிப்புமீது 2004 மார்ச்சில் 13.1 வீதத் தீர்வை புதிதாக விதிக்கப்பட்டது. அது பின்னர் குறைக்கப்பட்டதென்பது வேறு விடயம்.

இலங்கையருக்கு இதில் வியப்பில்லை. 1974ஆம் ஆண்டின் பல்நார் உடன்படிக்கை நாட்டுக்கு நாடு கோட்டா வகுத்தபோது, தம் கோட்டா நிரம்பிய ஹொங்கொங் முதலாளிகள் 1977க்குப் பின் இங்கு தையற்சாலைகளை நிறுவினர். தொழில் எங்கு அமையவேண்டுமென்பதை நிர்ணயித்தது தொழிலாளியின் திறனன்று; வாங்கும் நாடு வகுத்த அட்டவணையே.

‘கீழைநாட்டு ஆலைகளிற் கொடுமை நிகழவில்லையா?’ என்று கேட்போர் உளர். நிகழ்கின்றது. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இளம் பெண்களை விடுதிகளில் அடைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாக வாக்களித்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. அதனை மூடிமறைப்பது நேர்மையன்று. ஆனால் அத்தகைய ஆலையின் நூல் கரூரில் நெய்யப்பட்டால் அது கறைபடிந்த விரிப்பு, குய்மராய்ஸில் நெய்யப்பட்டால் தூய விரிப்பு என்பது எவ்வகை நீதி? ஐரோப்பிய முத்திரை கொடுமையை ஒழிப்பதில்லை. வாங்குவோன் கண்ணிலிருந்து ஒரு கட்டம் பின்னே தள்ளுகின்றது.

அவ்வாறு பின்னே தள்ளுதல் அப்பள்ளத்தாக்குக்குப் புதியதுமன்று. சலசார் ஆட்சியிற் போர்த்துக்கலின் ஆலைகளுக்குப் பஞ்சு மொசாம்பிக்கிலிருந்து வந்தது. 1938இல் அமைக்கப்பட்ட பருத்தி ஏற்றுமதிச் சபையின் கீழ், குடியானவர் தம் உணவுப் பயிரை விட்டுப் பருத்தி நடுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். விளைந்ததைச் சலுகைக் கம்பனிக்கு அது வகுத்த விலையில் விற்கவேண்டியிருந்தது. 1961 வரை அக்கட்டாயம் நீடித்தது. இன்று அதே பள்ளத்தாக்கிற் குறைந்த கூலிக்குத் தைக்கும் பெண்களும் இக்கதையின் பயனாளிகள் அல்லர். கட்டளைகள் கிழக்கே போகும்போது வேலையை இழப்பவர்கள் அவர்களே. அவர்களையும் ஆசிய நெசவாளரையும் எதிரெதிரே நிறுத்தி இலாபமடைவோர் இருசாராருக்கும் நடுவே நிற்கும் வாங்குவோரும் முத்திரை உடையோருமே.

ஆகவே ஐரோப்பிய உற்பத்தியாளரிடம் கொள்வனவு செய்வோர் கேட்கவேண்டியது ‘எங்கு தைத்தீர்?’ என்ற ஒரு கேள்வி மாத்திரமன்று. பஞ்சு எங்கு விளைந்தது, நூல் எங்கு நூற்கப்பட்டது, துணி எங்கு நெய்யப்பட்டது, சாயம் எங்கு ஏற்றப்பட்டது என்ற நான்கையும் அதனோடு சேர்த்துக் கேட்டு, விடைகளை விரிப்பின் சீட்டிலேயே எழுதுவித்தல் வேண்டும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய ஒழுங்குவிதி, பொருள்களுக்கு மின்னியற் கடவுச்சீட்டொன்றை வழங்க ஏற்பாடு செய்கின்றது. புடைவையும் அதில் முன்னுரிமை பெற்றுள்ளது. எவ்விபரங்கள் அதில் இடம்பெறும் என்பது பொருள்வாரியாக வகுக்கப்படும் தனி விதிகளைப் பொறுத்தது. இரசாயனத்தின் பெயரும் நாரின் வீதமும் எழுதப்படும் அச்சீட்டில், நூற்றவளின் நாட்டுக்கு ஒரு வரி ஒதுக்கப்படுதல் வேண்டும்.