நிறுத்தி வைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் தேவை ஒரு சார்ஜிங் சாக்கெட்?

மணிக்கு 280 கி.மீ. வேகத்தைத் தாண்டும் கார். ஆனால், குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நின்றுவிட்டு, ஏப்ரலில் வெளியே எடுக்கலாம் என்று போனால் கதவைத் திறக்கும் ரிமோட்கூட வேலை செய்யாது. காரணம், பேட்டரி டவுன்! ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலருக்கு இது வருஷா வருஷம் வரும் தலைவலி.

இதற்கான தீர்வு பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன சாக்கெட் வைத்தால் போதும். சார்ஜரைச் சொருகிவிட்டுப் போய்விடலாம். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் ஆபத்தும் இருக்கிறது. கார் நிறுவனங்களிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது.

சும்மா நின்றால் சார்ஜ் எப்படிக் குறையும்?

கார் அணைந்திருந்தாலும் அதற்குள் சில கருவிகள் விழித்துக்கொண்டேதான் இருக்கும். திருட்டு அலாரம், ரிமோட் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சும். பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் அது இயல்பான அளவு என்பார்கள் மெக்கானிக்குகள்.

கேட்கச் சின்ன எண்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் போகிறது. 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 25 நாளில் பாதி காலி. 50 நாளில் மொத்தமும் காலி.

ஜெர்மனியில் 1997 முதல் ‘சீசன் நம்பர் பிளேட்’ முறை இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்பதுபோல, குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் காரைப் பதிவு செய்துகொள்ளலாம். மற்ற மாதங்களில் அதைப் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அப்படியானால் நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம் கார் அசையாது. அந்த ஐந்து மாதத்துக்குத் தேவைப்படுவது சுமார் 180 ஆம்பியர்-ஹவர். அதாவது, மூன்று பேட்டரி அளவு!

அப்புறம் சார்ஜ் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று விடவும் முடியாது. லெட்-ஆசிட் பேட்டரி காலியாகவே கிடந்தால் அதன் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகங்கள் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது. நல்ல நிலையில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி, கார் ஓய்வில் இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்துவிட்டால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பூட்டுக்குள்ளே சாவி

சாதாரண காரில் பானெட்டைத் தூக்கினால் பேட்டரி கண்முன்னே இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் கதை வேறு. எடையை முன்னும் பின்னும் சமமாகப் பிரிப்பதற்காகப் பேட்டரியை எங்காவது ஒரு மூலையில் ஒளித்து வைப்பார்கள். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரில் அது டிக்கிக்குள் இருந்தது.

போர்ஷே 911-இன் 997 தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 2004-இல் அறிமுகமான கார் இது. எஞ்சின் பின்னால், பேட்டரி முன்பக்க டிக்கிக்குள். அந்த டிக்கியின் பூட்டைத் திறப்பது ஒரு மின்சார பட்டன். பேட்டரி தீர்ந்தால் டிக்கி திறக்காது. டிக்கி திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி!

இதற்கு நிறுவனமே ஒரு அவசர வழி வைத்திருக்கிறது. கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு பாசிட்டிவ் முனையை வெளியே இழுத்து, வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பூட்டு திறக்கும். திறப்பதற்குத்தான் அந்த வழி. பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்கு அல்ல.

மின்சார கார்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. பெரிய பேட்டரி இருந்தாலும் பூட்டு, விளக்கு, கணினிக்கெல்லாம் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. டெஸ்லா மாடல் 3 காரில் மின்சாரம் அறவே இல்லாமல் போனால், முன் பம்பரில் இழுவைக் கொக்கிக்கான மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் இரண்டு வயர்களுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து முன்பக்க மூடியைத் திறக்கும் வழி வைக்கப்பட்டது. ஆக, பிரச்னை வரும் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை.

மூன்று வழிகள்

ஒன்று, காருக்குள் இருக்கும் லைட்டர் சாக்கெட் வழியாகச் சார்ஜ் செய்வது. துளை போடவேண்டாம், வயர் இழுக்கவேண்டாம். ஆனால், சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டுக்கு மின்சாரம் நின்றுவிடும் கார்களில் இது வேலைக்கு ஆகாது. தவிர, கேபிள் உள்ளே போகக் கதவு இடுக்கில் நசுங்கவேண்டும்.

இரண்டு, பேட்டரி முனைகளில் வளைய லக் வைத்த குட்டி கேபிளை நிரந்தரமாக முறுக்கிவிட்டு, அதன் மறுமுனையை முன் கிரில் அருகே கொண்டுவந்து வைப்பது. சார்ஜர் விற்கும் பல நிறுவனங்கள் இந்தக் கேபிளையும் விற்கின்றன. பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

மூன்று, மூடியோடு கூடிய சாக்கெட்டை உடலிலேயே பதிப்பது. பார்க்க அழகு. ஆனால், தகட்டில் துளை போட்டால் துரு பிடிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே வரும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், கிரில் இடுக்கில், டிக்கி ஓரத்தில் என்று ஏற்கெனவே இடைவெளி உள்ள இடமாகத் தேடுவது நல்லது. சக்கரம் சேற்றை வாரியடிக்கும் இடமும், சைலன்சர் சூடு படும் இடமும் கூடவே கூடாது.

‘பேட்டரி ஸ்விட்ச் வைத்து மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன?’ என்று தோன்றலாம். செய்யலாம். ஆனால், அலாரமும் டிராக்கரும் சேர்ந்து அணைந்துவிடும். விலை உயர்ந்த காரை அப்படி விட்டுவைக்க யாருக்கும் மனசு வராது.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம்

இந்த வேலையில் உயிரைக் காப்பது ஒரு ஃபியூஸ். கார் பேட்டரி 12 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது என்று பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆனால், ஷார்ட் ஆனால் அதே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய வயர் நொடிகளில் பழுத்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருப்பதையும் பற்றவைக்கும்.

சார்ஜரிலிருந்து வருவது 5 ஆம்பியர்தானே என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஆபத்து சார்ஜர் பக்கம் இல்லை, பேட்டரி பக்கம். எனவே, ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், சில அங்குல தூரத்துக்குள் இருக்கவேண்டும். சாக்கெட் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள இரண்டு மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. தகடு உரசி எங்கு ஷார்ட் ஆகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

வயர் எவ்வளவு தடிமன்? ஒன்றரை சதுர மி.மீ. செம்பு வயரில் இரண்டரை மீட்டர் தூரம் போய்த் திரும்பினால், 5 ஆம்பியருக்குச் சுமார் 0.3 வோல்ட் இழப்பாகும். பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறைந்துவிடுவதால் அந்த இழப்பும் மறைந்துவிடும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயருக்கும் பாதுகாப்பு, சார்ஜருக்கும் தடையில்லை. வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

இன்னொரு நுணுக்கம். எஸ்.ஏ.இ. எனப்படும் இரட்டை முனை பிளக்கில் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டும், மற்றது உறைக்குள்ளும் இருக்கும். கார் பக்கத்தில் பாசிட்டிவ்தான் உறைக்குள் இருக்கவேண்டும். அப்போதுதான் பிளக் தவறி கார் உடலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாற்றிப் போட்டால் தீப்பொறிதான்.

செய்யும் முன் பார்க்கவேண்டியவை

* பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். டிக்கி மின்சாரப் பூட்டு என்றால், வேலை முடியும்வரை அதை மூடவே கூடாது!

* பி.எம்.டபிள்யூ போன்ற பல நவீன கார்களில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு போனது, வந்தது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். சாக்கெட்டின் நெகட்டிவ் வயரை நேராகப் பேட்டரியில் முறுக்கினால் அந்தக் கணக்கு தவறிவிடும். காரின் கைப்புத்தகம் சொல்லும் உடல் எர்த் முனையில்தான் கொடுக்கவேண்டும்.

* பேட்டரி எந்த வகை என்று பார்த்துச் சார்ஜர் வாங்கவேண்டும். 2010-இல் போர்ஷே தன் ஜி.டி.3 போன்ற கார்களுக்கு, லெட் பேட்டரியைவிடச் சுமார் 10 கிலோ குறைந்த லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. அந்த வகைக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். லெட் பேட்டரியின் சல்ஃபேட்டைக் கரைக்க உதவும் அதிக வோல்ட் முறை லித்தியத்துக்கு ஆகாது.

* மாதக்கணக்கில் சொருகி வைக்கவேண்டுமென்றால், பேட்டரி நிரம்பியதும் தானாகவே சுமார் 13.6 வோல்ட்டுக்கு இறங்கும் ஸ்மார்ட் சார்ஜர்தான் சரி. பழைய மாடல் சார்ஜர் ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரியை வறட்டிவிடும்.

* சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறலாம். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பிடிக்கும். ஷெட்டில் காற்றோட்டம் வேண்டும். முதலில் காரில் சொருகிவிட்டு, அப்புறம்தான் சுவர் ஸ்விட்ச்சைப் போடவேண்டும்.

இதை ஏன் கார் உரிமையாளரே செய்யவேண்டும்?

ஃபெராரி வாங்குபவர்களுக்குக் காரோடு சேர்த்தே பேட்டரி சார்ஜரும் கொடுப்பது வழக்கம். அந்தக் கார் மாதக்கணக்கில் நிற்கும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. அதைவிடக் குறைந்த விலை ஸ்போர்ட்ஸ் கார்களும் அதே மாதிரிதான் நிற்கின்றன. அவற்றை வாங்குபவர்கள் மட்டும் தாங்களே துளை போட்டு, வயர் இழுத்து, ஃபியூஸ் கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

‘அடிக்கடி ஓட்டினால் இந்தப் பிரச்னையே வராது’ என்று நிறுவனங்கள் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால், வார இறுதி உல்லாசத்துக்கு என்று விளம்பரம் செய்து விற்ற காரை, தினமும் ஓட்டு என்று சொல்வதில் நியாயம் இல்லை. வெளியே ஒரு சாக்கெட் வைத்தால் தண்ணீர் புகும், கேபிளை மறந்துவிட்டுக் காரை எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. இரண்டுக்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. நார்வே, பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் சாதாரணக் குடும்பக் கார்களின் பம்பரில்கூட எஞ்சின் ஹீட்டருக்கான சின்ன சாக்கெட்டைப் பார்க்கலாம். நார்வேயின் டெஃபா நிறுவனம் அந்த ஒரே இணைப்பில் பேட்டரி சார்ஜரையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஜெர்மனியின் தீயணைப்பு வண்டிகளில், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் பிளக்கைத் தானாகவே வெளியே தள்ளிவிடும் சாக்கெட் புழக்கத்தில் இருக்கிறது. பனியிலும் மழையிலும் வேலை செய்யும் இவற்றை ஷெட்டுக்குள் நிற்கும் காரில் வைக்க முடியாதா?

சார்ஜர் எல்லோரிடமும் இருக்கலாம். டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கிளிப்பைக் கவ்வவைத்து, மூடாமல் விட்டுவைக்கவேண்டும் என்றால் ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்றுதான் தோன்றும். வீட்டுக்குள் போகும் வழியில் சொருகிவிட்டுப் போகலாம் என்றால் மறுபேச்சே இல்லாமல் நடக்கும். அதைச் செய்யாமல் விட்டு, நல்ல பேட்டரிகளைப் பாதி ஆயுளில் தூக்கிப் போடுவது பணத்துக்கும் கேடு, சுற்றுச்சூழலுக்கும் கேடு.

டிக்கிப் பூட்டை மின்சாரத்தில் இயக்கும் எந்தக் காருக்கும், வெளியிலிருந்தே சார்ஜ் செய்யும் சாக்கெட்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரவேண்டும். அது ஆடம்பரம் அல்ல. பேட்டரியை ஒளித்து வைத்தவர்களின் கடமை. அதுவரை சொந்தமாகப் பொருத்துபவர்கள், சாக்கெட் எங்கே என்று யோசிக்கும் முன்பே ஃபியூஸ் எங்கே என்று முடிவு செய்துகொள்வது நல்லது.