மஞ்சள் பால் குடித்தால் கைநடுக்கம் நிற்குமா?

‘‘என் அப்பாவுக்கு 63 வயது. பருத்திக் காட்டில் 20 வருஷத்துக்கு மேல் மருந்தடித்தவர். இப்போது வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ‘மஞ்சள் பாலும் பூனைக்காலி விதைப் பொடியும் போதும், மாத்திரை வேண்டாம்’ என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா? இப்போது தம்பிதான் மருந்தடிக்கிறான்.’’

- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் பார்க்கின்சன். அந்த இடத்தில் அழற்சியும் காணப்படுவதால், அழற்சியைத் தணிக்கும் உணவுகள் பற்றிய பேச்சு வந்தது. காய்கறி, கீரை, பயறு, மீன் அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் இந்த நோய் சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், வந்த நோயை உணவு விரட்டியதாக நிரூபணம் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மிளகு சேர்த்தால் கொஞ்சம் கூடும். குழம்பில் போடுகிற அளவு போதும். குர்குமின் மாத்திரையை அதிகமாக விழுங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

பூனைக்காலி கதை வேறு. அதன் விதையில் லெவோடோபா இருக்கிறது. பார்க்கின்சனுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதித் தரும் மாத்திரையிலும் அதே பொருள்தான். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் குமட்டல், எழுந்ததும் தலைசுற்றல், கை கால் தானாக நெளிவது எல்லாம் வரும். பூனைக்காலி நிலத்துக்கு அருமையான மூடுபயிர். அப்பாவுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மாத்திரையை மஞ்சள் பாலோடு கொடுக்கிறீர்களா? பால், பருப்பு, சுண்டல் போன்ற புரதம் லெவோடோபா உடலில் சேர்வதைக் குறைக்கும். பொதுவாக, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தண்ணீரில் கொடுப்பார்கள். குமட்டல் வந்தால் டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கடைசி வரி. அமெரிக்காவில் மருந்தடிப்பவர்களிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், பாராகுவாட் களைக்கொல்லியோ ரோட்டினோனோ பயன்படுத்தியவர்களுக்கு பார்க்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. ரோட்டினோன் செடியின் வேரிலிருந்து எடுக்கப்படுவது, ‘இயற்கை’தான்! பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2007-லும் கேரளா 2011-லும் தடை போட்டன. அப்பாவின் நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. தம்பி விஷயத்தில் ஏன் காத்திருக்க வேண்டும்?

களைக்கு பவர் வீடரும் மூடாக்கும் இருக்கின்றன. அடித்தே ஆக வேண்டுமென்றால், கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் வேண்டும். காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது. நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளியல். அந்தத் துணியை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.