கல்லாப்பெட்டியும் கண்டனமும்

சென்ற மாதம் சக சிற்றிதழ் ஒன்று, கருத்தின் பொருளை அதன் விளைவில் தேடும் நடைமுறைவாதத்தை அமெரிக்கக் கல்லாப்பெட்டியின் தத்துவம் என்று ஒரே வரியில் தீர்த்துக்கட்டியிருக்கிறது. சான்று? ஒரு கருத்தின் ரொக்க மதிப்பு என்ன என்று வில்லியம் ஜேம்ஸ் கேட்டாராம். கேட்டார்தான். மேடைப்பேச்சில் வல்லவர், கூட்டத்துக்குப் பிடிபடும் உவமையாகப் பார்த்து எடுத்தார். அதை வைத்துக்கொண்டு ஒரு மரபையே கடையில் உட்காரவைப்பது என்ன விமர்சனம்?

1872 வாக்கில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் கூடிப் பேசி இந்த மரபுக்கு வித்திட்ட இளைஞர்களில் வியாபாரி யார்? ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் உள்நாட்டுப் போரில் மூன்று முறை காயம்பட்டவர். சார்ல்ஸ் பியர்ஸ் அரசின் கடலோர அளவைத் துறையில் ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பை அளந்தவர்.

பியர்ஸ் என்றால் நமக்கு இன்றும் கொஞ்சம் கிறுக்குதான். 1878 கட்டுரையில் ஒரு வைரத்தைப் பஞ்சுக்குள்ளேயே விளையவிட்டு, எதுவும் அதை உரசிப் பார்க்கும் முன்பே எரித்துவிடுகிறார். அது கடினமாக இருந்ததா? மென்மையானது என்று சொன்னாலும் பிழையில்லை என்றார் அன்று. 1905இல் அந்தப் பதிலைத் தானே மறுத்தார். இருபத்தேழு ஆண்டுகள் ஒரு கற்பனை வைரத்தோடு மல்லுக்கட்டியவர், 1914இல் பென்சில்வேனியாவின் மில்ஃபர்டில் வறுமையில் செத்தார். நல்ல வியாபாரம்!

அந்த இதழ் நண்பர்களின் உண்மையான கோபம் ஜேம்ஸ் மீதல்ல, அதே மரபில் வந்த ஜான் டூயி மீது என்பதே நம் சந்தேகம். 1937இல், 77 வயதில், ஒரு விசாரணைக் குழுவோடு மெக்சிகோவின் கொயோகானுக்குப் போய், சோவியத் அரசின் மாஸ்கோ வழக்குகளில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளை நாடு கடத்தப்பட்ட ட்ராட்ஸ்கியின் முன் வைத்து விசாரித்தார். ட்ராட்ஸ்கியின் கொள்கையில் அவருக்கு உடன்பாடில்லை. ஆனாலும் குற்றமற்றவர் என்றே அந்தக் குழு தீர்ப்பளித்தது. கம்யூனிஸ்ட் கட்சி சொன்னதைச் சரிபார்க்கப் புறப்பட்ட அந்தத் துணிச்சலை மன்னிக்க முடியாதவர்கள் ஒட்டிய ஏகாதிபத்திய முத்திரையை, ஐம்பதுகளின் பிரசுரங்களிலிருந்து நாம் தூசிகூடத் தட்டாமல் எடுத்துப் பயன்படுத்துகிறோம்.

இதில் சங்கடமான சங்கதி வேறொன்று. அதே டூயியிடம் கொலம்பியாவில் படித்தவர் அம்பேத்கர். 1936இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது ஆசிரியரைப் பெயர் சொல்லியே துணைக்கு அழைத்தார். சாத்திரம் என்ன சொல்கிறது என்ற பண்டிதச் சண்டையோடு அவர் நிற்கவில்லை. சாதி மனிதரை என்ன செய்து வைத்திருக்கிறது என்று கேட்டார். அட்டையில் அவர் படத்தைப் போடுகிறவர்கள் அவர் உட்கார்ந்த வகுப்பறையை மட்டும் மறைப்பது ஏன்?

டூயியின் ‘ஜனநாயகமும் கல்வியும்’ (1916) பற்றி அடுத்த இதழில் விவாதம் தொடங்குகிறோம். அந்த நண்பர்களும் எழுதலாம். பக்க வரம்பு கிடையாது. மேற்கோள் காட்டுகிறவர்கள் மூலநூலின் பக்க எண்ணைத் தர வேண்டும், அவ்வளவுதான்.