களை எது? பயிர் எது?



கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடுமா? ஆகாது என்பதைக் கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கள் பாறையில் பொன் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத துகளாகவே கலந்திருந்தது. 1965இல் எங்கள் சுரங்கத்தின் ஆழத்தில்தான் அறிவியலாளர்கள் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். அத்தகைய ஊரில் பிறந்த நான், புலப்படாத சில குறிகளிடம் தோற்றுப்போனேன்!

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து சென்று மண்ணுக்கடியில் உழைத்த தமிழர்களின் பெயராவது நிலைக்க வேண்டாமா? அங்கே பணிபுரிந்தோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று, இருமக் கோப்பாக என் கைக்கு வந்தது. ஆவலோடு என் பாட்டனாரின் பெயரைத் தேடினேன். “இல்லை” என்றது கணினி. திரையிலோ அப்பெயர் தெளிவாக நிற்கிறது!

காரணம் எளியது. அக்கோப்பில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே அளவான இடம். பெயர் சிறியதானால், மிஞ்சும் இடத்தைச் சுழிப் பைட்டுகள் நிரப்பும். அவை திரையில் தோன்றா. ஆனால் ஒப்பிடும்போது கணினி அவற்றையும் கணக்கில் கொள்ளும்.

“தெரியாத குறிகளையெல்லாம் துடைத்தெறி” என்றார் நண்பர் ஒருவர். எறிந்தேன். 0 முதல் 31 வரையிலும், 127 முதல் 159 வரையிலும் உள்ள பைட்டுகள் அனைத்தையும் நீக்கினேன். ஐரோப்பிய எழுத்துகளுக்கென எழுந்த பழைய முறையில் அவை வெறும் கட்டுப்பாட்டுக் குறிகள். சுழிகள் ஒழிந்தன, கூடவே தமிழும் ஒழிந்தது! யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ககரம் 224, 174, 149. புள்ளி 224, 175, 141. அந்த 149ஐயும் 141ஐயும் அன்றோ குப்பையில் கொட்டினேன்! ககரமும் சகரமும் சிதைந்தன. தகரமும் மகரமும் தப்பின.

வேறொரு வழியும் உண்டு: எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொல்வது. பைதான் மொழியின் அளவுகோல் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே ‘தமிழ்’ அங்கே ‘தமழ’ ஆகிவிடும்!

நான் கண்ட முடிவு இதுதான்: அறியாததை அழிப்பது தூய்மை ஆகாது. முதலில் கோப்பின் அமைப்பை அறிய வேண்டும். பிறகு முதற்சுழி வரும் இடத்தில் பெயரை வெட்டி, பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற வேண்டும். களையெடுப்பு அதன் பின்னரே. அதுவும் களையின் எண்ணைச் சொல்லி எடுக்க வேண்டும். கோப்பின் தலையில் ஒட்டிவரும் 65279 வேண்டாததா? எடுங்கள். சொல்லுக்குள் புகுந்த 8203, அகலமில்லா இடைவெளி, அதையும் எடுங்கள். ஆனால் 8204ஐக் கண்டால் நில்லுங்கள்! ‘க்’, ‘ஷ’ இரண்டும் ஒன்றாகிவிடாமல் பிரித்து நிறுத்துவது அதுவே. தேடுவதற்கான படியில் நீக்கலாம். மூலத்தில் கைவைக்கக் கூடாது.

இம்முறையில் மீண்டும் தேடினேன், பாட்டனார் கிடைத்தார்.

கழிவென்று கொட்டப்பட்ட எங்கள் சயனைடு மண்மேடுகளில் இன்றும் சிறிது பொன் இருக்கிறது. தோழர்களே, கழிப்பதற்கு முன் ஒருமுறை சலித்துப் பாருங்கள். அங்கே கிடப்பது ஒரு மனிதனின் பெயராகவும் இருக்கலாம்!